துப்பாமல் விழுங்கிய ஒரு வாய்

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் பட்டைத் தொட்டி மேஸ்திரியாக இருந்த கங்காதரனுக்கு உலகத்தில் எதுவுமே பிடிக்காது. டீக்கடை டீ கழுநீர். பொண்டாட்டி தாயாரம்மாள் வைக்கிற ரசம் வெந்நீர். கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுக்கிற லட்டு சுண்ணாம்பு உருண்டை. இப்படிச் சொல்லும் உரிமையை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். எல்லாம் அந்த நாக்கு கொடுத்த திமிர்.

மரப்பட்டைச் சாற்றில் தோல் ஊறுகிற தொட்டியில் ஒரு விரலை முக்கி நாக்கில் வைப்பான். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றுவான். 'தூ' என்று துப்பிவிட்டு, "துவர்ப்பு கம்மி. இன்னும் ரெண்டு கூடை பட்டை போடு" என்பான். பதினைந்து வருஷத்தில் அந்த நாக்கு ஒரு தோலைக்கூடக் கெடுத்ததில்லை.

அவன் மனசார வெறுத்தது மேனேஜர் சம்பத்தை. சம்பத்துக்கு இங்கிலீஷ் வரும், தோலைப் பற்றி ஒன்றும் வராது. தோலைத் தொட நேர்ந்தால் உடனே கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொள்வார். 1979இல் அவர் தன் மச்சானிடமிருந்து பட்டைத்தூள் வாங்க ஆரம்பித்தார். முதல் மூட்டை பிரித்த அன்றே கங்காதரன் நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"சார், இது பட்டையே இல்ல. சாயம் போட்ட மரத்தூளு."

"உன் வேல இன்னாவோ அத்தப் பாரு" என்றார் சம்பத்.

பார்த்தான். அந்தத் தூளில் ஊறிய தோல் செருப்புக்கு உள்பக்கம் வைத்துத் தைக்க இத்தாலிக்குப் போனது. போன இடத்தில் விறைத்துக்கொண்டு, மடக்கினால் வெடித்தது. அந்தத் தோலை வாங்கிய இத்தாலிக்காரர் லுச்சியானோ நேரே விமானம் ஏறி வந்துவிட்டார்.

சம்பத் கங்காதரனைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழம மத்தியானம் என் வீட்டுக்கு வா. தொர முன்னாடி தப்பு என்னுதுதான்னு சொல்லு. இங்கிலீஷ்ல நான் சொல்லிக்கிறேன். வரலன்னா திங்கக்கிழம கேட்டுக்குள்ள கால் வெக்காத."

சொன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? மேஸ்திரி வேலை போய், நேற்று சேர்ந்தவர்களோடு சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் சுரண்ட வேண்டியதுதான். அதையாவது சகித்துக்கொள்ளலாம். என் நாக்கு தப்பு செய்தது என்று அதே நாக்கால் சொல்ல வேண்டுமே, அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறு காலையில் இரண்டு டானிக் பாட்டில்களைக் கழுவினான். ஒன்றில் பழைய பட்டை ஊறிய தண்ணீர், மற்றதில் மச்சான் தூள் ஊறிய தண்ணீர். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. வெறுங்கையோடு போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வேலூர் பஸ் ஏறினான்.

மதுவிலக்கு இருந்த காலம் அது. லுச்சியானோ தன் ஊரிலிருந்து மூன்று பாட்டில் ஒயின் கொண்டுவந்திருந்தார். பர்மிட் அவருக்கு இருந்தது, சம்பத்துக்கு இல்லை. அதனால் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்த தன் வீட்டின் ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு, வியர்வை வழிய வழிய உபசாரம் செய்துகொண்டிருந்தார் சம்பத். வெள்ளை ஒயினில் ஐஸ் கட்டி போட்டார். சிவப்பு ஒயினில் சோடா கலந்தார். இரண்டுக்கும் "வெரி நைஸ்" என்றார். லுச்சியானோவின் முகம் பல்வலி வந்தவர் முகம்போல ஆனது.

கதவோரம் நின்ற கங்காதரன், லுச்சியானோ குடிக்கிற விதத்தைப் பார்த்தான். வைக்கோல் சுற்றிய பாட்டிலிலிருந்து சிவப்பை ஊற்றினார், மோந்து பார்த்தார், ஒரு வாய் எடுத்து உள்ளே சுற்றினார், காற்றை உறிஞ்சினார். தொட்டி ஓரத்தில் தான் செய்கிற வேலை! கங்காதரன் நிமிர்ந்து நின்றான்.

அவன் முறைத்துப் பார்ப்பதைக் கண்டு லுச்சியானோ சிரித்து, வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக இரண்டு கிளாஸை நீட்டினார். வெள்ளையை வாயில் சுற்றினான் கங்காதரன். புளிப்பு, கொஞ்சம் பழ வாசனை, அவ்வளவுதான். மூலையிலிருந்த கை கழுவும் தொட்டியில் துப்பினான்.

"டேய் காட்டான்! மானத்த வாங்குறியே!" என்று பாய்ந்தார் சம்பத்.

கங்காதரன் காதிலேயே வாங்கவில்லை. அதற்குள் வாயில் போயிருந்த சிவப்பு அவன் நாக்கின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சுத்தமான துவர்ப்பு. அதையும் துப்பினான்.

"சார், நல்ல பட்டைல இருக்குற துவர்ப்பு இதுல இருக்குது. உங்க மச்சான் தூள்ல இல்ல. அத்த அப்படியே தொரகிட்ட சொல்லுங்க."

சம்பத் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் கங்காதரனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை வந்தது. 'சாரி'.

தான் மன்னிப்புக் கேட்டதாக மாற்றிச் சொல்கிறார் என்று புரிந்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்த இரண்டு பாட்டிலையும் எடுத்தான். இரண்டு கிளாஸில் ஊற்றி லுச்சியானோ முன்னால் வைத்தான். தன் நாக்கை நீட்டி விரலால் தொட்டுக் காட்டினான். "நோ, நோ!" என்று சம்பத் குறுக்கே வந்தார். லுச்சியானோ அவரை ஒரு கையால் ஒதுக்கினார்.

பழைய பட்டைத் தண்ணீரை நாக்கில் வைத்தார், சுற்றினார், துப்பினார், தலையாட்டினார். மச்சான் தண்ணீரை வைத்தார். காத்திருந்தார். துவர்ப்பே வரவில்லை. உதட்டைத் துடைத்த வெள்ளைத் துணியில் மட்டும் சாயம் சிவப்பாக ஒட்டியிருந்தது.

லுச்சியானோ ஒன்றும் பெரிய நியாயவான் இல்லை, விலையைக் குறைக்க வந்தவர்தான். ஆனால் நாக்கை நம்புகிற ஆள். அவர் பேசிய பேச்சில் டேனரி முதலாளி கலீமுல்லா சாயபுவின் பெயர் இரண்டு தடவை வந்தது. சம்பத்துக்கு ஏறியிருந்த போதை மொத்தமும் இறங்கிவிட்டது.

கடைசி பாட்டிலைத் திறந்தார்கள். தேன் நிறம். உலர்த்திய திராட்சையில் செய்து, சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிற இனிப்பு ஒயின். அதற்குள் சம்பத் ஆளே மாறிவிட்டார். கங்காதரன் தோளில் கை போட்டு, "நம்ம கங்காதரன் நாக்குதான் சார் நம்ம கம்பெனியே" என்று பாட்டிலைத் தூக்கினார்.

கங்காதரன் கிளாஸைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "நீங்க ஊத்தாதீங்க சார். நீங்க எதுல இன்னாத்த கலப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்? அவரே ஊத்தட்டும்."

லுச்சியானோ ஊற்றினார். கங்காதரன் வாயில் வைத்துச் சுற்றினான். திராட்சை வந்தது, தேன் வந்தது, கடைசியில் கொஞ்சம் கருகிய வெல்லம் வந்தது. குறை எங்கே என்று நாக்கு நாலு மூலையிலும் தேடியது. கை கழுவும் தொட்டியை ஒருமுறை பார்த்தான். விழுங்கிவிட்டான்.

குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. காலி கிளாஸை மறுபடியும் லுச்சியானோவிடம் நீட்டினான்.