சோத்தாங்கைப் பக்கம்

ஜெபசீலிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டாள், கன்னத்தைத்தான் பார்ப்பாள். அவளுடைய அப்பா ஜெபராஜ் ஓசூர் மிஷன் மருந்தகத்தில் கம்பவுண்டர். மருந்து கலக்குவதோடு பல்லும் பிடுங்குவார். பாவாடை கட்டிய நாளிலிருந்து அவருக்கு விளக்குப் பிடித்து நின்றவள், ஊரில் யாருக்கு எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது என்று பார்த்தே வளர்ந்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே செய்தாள். மாப்பிள்ளையின் அம்மா பாதி காபியிலேயே எழுந்து போய்விட்டார்.

கல்யாணம்தான் தள்ளிப்போனது, படிப்பு தள்ளிப்போகவில்லை. மதராசில் பி.எஸ்ஸி. முடித்து, பெங்களூரில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வாய்க்குள் வரும் வெள்ளைத் திட்டைக் கத்தி வைத்து வெட்டாமல், மழுங்கிய மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் கெட்ட செல்லைக் கண்டுபிடிக்க அங்கே வழி செய்தாள். புரொபசர் அதை வருகிறவர்களுக்கெல்லாம் "என் முறை" என்று காட்டி மகிழ்ந்தார்.

ஓசூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு வாய்ப்புற்று வருவது சுடச்சுடக் கேழ்வரகுக் களி விழுங்குவதால்தான் என்பது புரொபசரின் முடிவு. அவர் ஒரு நாளும் களி தின்றதில்லை. ஜெபசீலி தின்றிருக்கிறாள், அதனால் நம்பவில்லை. வெற்றிலையில் மடித்த புகையிலையும் சுண்ணாம்பும் எந்தக் கன்னத்தில் அடங்கிக் கிடக்கிறதோ அந்தக் கன்னத்தில்தான் திட்டு வருகிறது என்றாள்.

"நிரூபி," என்றார் புரொபசர். "கிறிஸ்துமஸ்வரை நேரம். முடியாவிட்டால் உன் இடத்துக்கு என் அக்கா பிள்ளை காத்திருக்கிறான்."

அந்த அக்கா பிள்ளைக்கு மைக்ராஸ்கோப்பில் எந்த முனையில் கண் வைப்பது என்பதிலேயே சந்தேகம் உண்டு. ஆனாலும் அக்கா பிள்ளை, அக்கா பிள்ளைதான்.

புரொபசர் ஒரு கேள்வித்தாளும் அச்சடித்துக் கொடுத்தார். நோயாளியின் முகத்தை முறைத்துப் பார்க்கக் கூடாது, தாளைப் பார்த்துக் கேட்க வேண்டும், அதுதான் விஞ்ஞானம் என்றார். ஜெபசீலி ஓசூருக்கு வந்து, பக்கத்துத் தளி ஊரிலிருந்து காய்கறி கொண்டுவரும் சந்தைக்காரிகளை மருந்தகத்துக்கு அழைத்தாள். அவர்களுக்குத் தலைவி பீன்ஸ் விற்கும் மாதம்மாள். அவள் வா என்றால் வருவார்கள், வேண்டாம் என்றால் கலெக்டர் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். படிச்ச பொண்ணு கூப்பிடுகிறது என்று எல்லாரும் புகையிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, கொண்டை முடிந்து வந்து உட்கார்ந்தார்கள்.

"வாயைத் திறங்க அக்கா."

"தொறந்தா மூட மாட்டேன், பரவால்லியா தாயீ?" என்றாள் மாதம்மாள்.

"புகையில எந்தப் பக்கம் அடக்குவீங்க?"

"சோத்தாங்கைப் பக்கந்தான்."

அடுத்தவள் நாராயணம்மாவும் சோத்தாங்கைப் பக்கம் என்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே. ஜெபசீலி தாளைப் பார்த்தபடி எழுதிக்கொண்டே போனாள். பிறகு விளக்கைப் பிடித்து வாய்க்குள் பார்த்தால், திட்டு இருந்தவர்களுக்கெல்லாம் அது இடது கன்னத்தில் இருந்தது. வலது கன்னம் வழுவழுவென்றிருந்தது. புகையிலை ஒரு பக்கம், நோய் மறுபக்கம் என்றால் களிதான் காரணம் என்று புரொபசர் ஆடித் தீர்த்துவிடுவார்.

வேலையை விட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள். சொல்லிக்கொண்டு போகலாம் என்று அடுத்த சந்தைக்கு மாதம்மாளைத் தேடிப் போனாள். மாதம்மாள் பெங்களூர் வியாபாரி ஒருவனைக் கன்னடத்தில் விரட்டிக்கொண்டிருந்தாள். கையில் கேள்வித்தாள் இல்லாததால் ஜெபசீலியின் பார்வை தானாகக் கன்னத்துக்குப் போனது. இடது கன்னம் எலுமிச்சம்பழம்போல் புடைத்திருந்தது. பக்கத்தில் நாராயணம்மாவைப் பார்த்தாள். அங்கேயும் இடதுபக்கம்தான். வரிசை முழுக்க இடதுபக்கம்.

"அக்கா, அன்னிக்கி சோத்தாங்கைப் பக்கம்னு சொன்னீங்களே."

"ஆமா, சொன்னேன்."

"இப்ப இந்தப் பக்கம்தானே இருக்குது?"

"எப்பவும் இங்கதான் கீது. அந்தப் பக்கம் சோறு மெல்ல வேணாவா?"

"அப்புறம் ஏன் பொய் சொன்னீங்க?"

மாதம்மாள் சாற்றைத் துப்பிவிட்டு வந்தாள். "பொய் இன்னா பொய். வெத்தல மகாலட்சுமி. அத பீச்சாங்கைப் பக்கம் வெச்சிகீறேன்னு படிச்ச பொண்ணு மூஞ்சிக்கு நேரா எவளாச்சும் சொல்லுவாளா? நீ வேற எழுதிக்கிற. பெங்களூர்ல படிச்சிட்டு, தளிக்காரிங்க மருவாதி கெட்டவளுங்கன்னு சிரிக்க மாட்டாங்களா?"

"கழுவற கையாலதான் சுண்ணாம்பு தடவறோம்னும் எழுதிக்க கண்ணு, நல்லா இருக்கும்," என்றாள் நாராயணம்மா.

ஜெபசீலி அன்றோடு கேள்வித்தாளை ஓரங்கட்டினாள். கேட்பதை விட்டுவிட்டு, சந்தைக்குச் சந்தை பை தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொருத்தியிடமும் காய் வாங்கிக் கன்னத்தைப் பார்த்தாள். தான் பார்த்ததை நம்ப மாட்டார்களே என்று, ஆராய்ச்சிக் கூடத்துத் தோழி ஒருத்தியையும் தனியாகப் பார்க்க வைத்தாள். அதன் பிறகுதான் வாய்க்குள் விளக்குப் பிடித்தாள். வீட்டில் பீன்ஸ் குவிந்தது.

"கர்த்தர் அப்பத்தைப் பெருக்கினார், நீ பீன்ஸைப் பெருக்கறே," என்றார் ஜெபராஜ். "அவராவது கூட மீன் குடுத்தார்."

கிறிஸ்துமஸுக்கு முன் முடிவு வந்தது. புகையிலை கிடந்த பக்கத்தில்தான் திட்டு. அபூர்வமாக வலது கன்னத்தில் அடக்குகிறவளுக்கு வலதில் இருந்தது. புரொபசர் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மதராசில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் "எனக்கு நெடுநாளாக இருந்த ஐயம்" என்று வாசித்தார். ஜெபசீலியின் பெயர் கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் வந்தது. அக்கா பிள்ளை இன்சூரன்ஸ் வேலைக்குப் போனான்.

ஜெபசீலி முதலில் ஓடியது சந்தைக்குத்தான். புகையிலை கிடக்கிற இடத்தில்தான் திட்டு வருகிறது, அதை விட்டுவிடுங்கள் என்று மாதம்மாளிடம் கெஞ்சினாள். மாதம்மாள் கவனமாகக் கேட்டாள், தலையாட்டினாள், எல்லாருக்கும் சொல்லியும் விட்டாள். அடுத்த முறை போனபோது வரிசை முழுக்க வலது கன்னம் புடைத்திருந்தது.

"இப்ப நெசமாவே சோத்தாங்கைப் பக்கந்தான் தாயீ," என்றாள் மாதம்மாள். "நீ சொன்னாப்பலயே அந்தப் பக்கத்துக்கு லீவு வுட்டாச்சு."

ஜெபசீலி அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அம்மா திட்டி எழுப்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒரே வாய், ஒரே களி, ஒரே மிளகாய். மாறியது புகையிலை இருக்கும் பக்கம் மட்டும். இப்படி ஒரு சோதனையை எந்தப் புரொபசரும் மனிதர்கள்மேல் செய்யத் துணிய மாட்டார். இவர்கள் தாங்களாகவே செய்துகொண்டிருந்தார்கள். விடச் சொல்லி நச்சரிப்பதை அவள் நிறுத்தவில்லை, விளக்குப் பிடிப்பதையும் நிறுத்தவில்லை. அடுத்த வருஷத்துக்குள் பலருக்கு இடது கன்னத்துத் திட்டு மங்கியது, வலது கன்னத்தில் புதிதாகத் திட்டு வரத் தொடங்கியது. களியைப் பற்றிப் புரொபசர் அதன் பிறகு வாய் திறக்கவில்லை. இதை வைத்து எழுதிய இரண்டாவது கட்டுரையில் ஜெபசீலியின் பெயர் முதலில் வந்தது.

இது 1959. ஜெபசீலிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. நாராயணம்மா புகையிலையை விட்டுவிட்டாள். மாதம்மாளின் வலது கன்னத்தில் திட்டு இருக்கிறது; போன மாதம் சுரண்டிப் பார்த்ததில் கெட்ட செல் இல்லை. அவள் இன்னும் புகையிலையை விடவில்லை.