தண்ணீர்ப் பூங்காவுக்குப் போன மூன்று நாள்

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் அம்மாவும் நானும் பிரிந்து இரண்டாவது வருடம். மகள் கிள்ளானில் அம்மாவோடு, அம்மாவின் பிறந்த வீட்டில் இருந்தாள். நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மாடியில் அறை எடுத்திருந்தேன். நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானுக்கு பஸ் ஏறிப் போவேன். மகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் சுற்றிவிட்டு, ஐஸ் சீவிப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்து, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். அதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு.

அந்த வருடக் கடைசிப் பள்ளி விடுமுறைக்கு ஒரே ஒரு நாள் அவளை அறையில் தங்க வைத்துக்கொள்ளலாமா என்று அவள் அம்மாவிடம் போனில் கேட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து விடுங்கோ" என்றாள்.

கேட்டது ஒரு நாள், கிடைத்தது மூன்று. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயம். அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவள் அப்பா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். நான் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. மகள் என்னிடம் என் தமிழில் பேசுவாள், வீட்டுக் கேட்டைத் தாண்டி உள்ளே போனால் அவர்கள் தமிழுக்கு மாறிவிடுவாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கே போகலாம் என்றதற்கு அவள் யோசிக்கவே இல்லை. சுபாங் ஜெயா பக்கத்தில், முன்பு ஈயம் தோண்டிய பள்ளங்கள் இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்ப் பூங்கா திறந்திருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் போய்வந்துவிட்டார்களாம்.

"அங்க மிஷின்ல அலை வருமாம்பா. கடல் மாதிரியே பெரிசா. ஆனா உப்புக் கரிக்காதாம்."

"போவோம்" என்றேன்.

எனக்குக் கார் கிடையாது. அந்தக் காலத்தில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவில் கார் இல்லாமல் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், இன்ன நேரத்துக்கு இன்ன இடத்தில் இருப்பேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. நானோ ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கிள்ளானுக்குப் போனபோது அவள் கேட்டுக்கு வெளியிலேயே பையோடு நின்றிருந்தாள். பூப்போட்ட கவுனின் கழுத்துக்குள் ஏதோ நீலமாகத் தெரிந்தது. நீச்சல் உடையை உள்ளேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். "போனவுடனே குதிக்கலாம்ல" என்றாள்.

பஸ் ஃபெடரல் ஹைவேயில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் முனகத் தொடங்கியது. அப்புறம் ஒரு குலுங்கு குலுங்கி ஓரமாக நின்றது. பின்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி.

"எல்லாரும் இறங்குங்க, இறங்குங்க! பஸ் ரோசாக் ஆயிருச்சி. பின்னால வர்ற பஸ்ஸில ஏறிக்கிங்க" என்று கண்டக்டர் கத்தினார்.

பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் படியில் ஆள் தொங்க, எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் போயின. லோரி ஒவ்வொன்றும் கடந்து போகும்போது அடித்த காற்றில் அவளுடைய கவுன் பறந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கை காட்டினேன், காட்டினேன், காட்டிக்கொண்டே இருந்தேன். டாக்ஸி ஒன்று நின்றபோது வானம் கறுத்துவிட்டது.

பூங்கா வாசலில் இறங்கும்போதே உள்ளே சங்கு ஊதியது. ஈரத் துண்டுகளோடு கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. காவலுக்கு நின்ற தமிழ்ப் பையன் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டான்.

"மின்னல் லா அண்ணே. தண்ணியில யாரையும் விட மாட்டாங்க. இன்னிக்கு டிக்கெட் எடுக்காதீங்க, வேஸ்ட். நாளைக்குக் காலையிலயே வந்துருங்க."

வேலிக் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து அவள் உள்ளே பார்த்தாள். உயரமான சறுக்குகளில் யாரும் இல்லை. மழைதான் சறுக்கிக்கொண்டிருந்தது.

"அலையை நிறுத்திட்டாங்களாப்பா?"

"ஆமாம்மா. நாளைக்குப் போட்டுருவாங்க."

அவள் அழவில்லை. நான் அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன். பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போன மினி பஸ்ஸில் உட்கார இடமில்லை. என் இடுப்பில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை கீழே பூக்கடை அண்ணன் எங்களைப் பிடித்துக்கொண்டார். முதல் நாள் கதையைக் கேட்டுவிட்டு, "பஸ்ஸை நம்பி ஏன் தம்பி பிள்ளையை அலைக்கழிக்கிறீங்க? பெட்டாலிங் ஜெயாவில ஒரு கல்யாணத்துக்கு மாலை குடுக்கணும். குடுத்துட்டு அப்படியே உங்களைக் கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றார்.

பழைய வேன். முன்சீட்டில் நாங்கள் மூவரும், பின்னால் ஈரத்துணி போர்த்திய கூடைகளில் மாலைகளும். மல்லிகை வாசனையில் தலை கிறுகிறுத்தது. மகள் திரும்பித் திரும்பி மாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நேற்றைய நீச்சல் உடையைத் துவைத்துக் காயப்போட்டு, முழுதும் காயாமலேயே மறுபடி உள்ளே போட்டிருந்தாள்.

பழைய கிள்ளான் சாலையில் வேன் நின்றது. அண்ணன் சாவியைத் திருகினார், இறங்கினார், எதையோ தட்டினார், மீண்டும் ஏறித் திருகினார். ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது. அவர் முகம் வெளிறிப்போனது.

"தம்பி, முகூர்த்தம் நெருங்கிருச்சி. மாலை இல்லாம பொண்ணு மாப்பிள்ளை மணவறையில என்ன பண்ணுவாங்க? நீங்க ரெண்டு பேரும் ஒரு டாக்ஸியில கொண்டுபோய்க் குடுத்துருங்க. நான் வண்டியை விட்டுட்டு வர முடியாது."

அப்படித்தான் நாங்கள் முன்பின் தெரியாத ஒருவர் கல்யாணத்துக்கு மாலை கொண்டுபோனோம். டாக்ஸியின் பின்சீட்டில் மகள் இரண்டு கைகளையும் நீட்டி, மணமக்கள் மாலைகளை மடியில் ஏந்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தின் வாசலில் பெண்ணின் அப்பா வீதியையே பார்த்து நின்றார். மாலையைக் கண்டதும் அவர் என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. "சாப்பிடாமப் போகக் கூடாது" என்று எங்களை உள்ளே இழுத்துப் போய் உட்கார வைத்துவிட்டார்.

மாலை மாற்றும்போது மகள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தாள். அவள் கொண்டுவந்த மாலை அல்லவா! பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்க கல்யாணத்துக்கு மாலை எங்கேருந்துப்பா வந்துச்சு?"

"கிள்ளான்லதான். கோயில் பக்கத்துல ஒரு கடை."

"லேட்டா வந்துச்சா?"

"இல்லையே. விடியறதுக்கு முன்னாடியே வந்துருச்சு."

"அப்புறம் ஏன்..." என்று தொடங்கி, நிறுத்தி, பாயசத்தைக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். எதிரில் இருந்த ஒரு ஆன்டி அவளுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் சரியாகி அண்ணன் வந்து சேர்ந்தபோது அன்றைய மழையும் கூடவே வந்தது.

ஞாயிறு காலை சீக்கிரமே கிளம்பி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மினி பஸ்கள் அபூர்வமாகத்தான் வந்தன. வந்தவையும் வேறு பக்கம் போகிறவை. சாயங்காலம் அவளைக் கிள்ளானில் விட வேண்டும். ரோட்டில் இறங்கி எட்டிப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

"அப்பா, பஸ் வரலன்னா பரவால்ல" என்றாள்.

"வரும்மா. கொஞ்சம் பொறு."

"வரலன்னா ரூமுக்கே போயிரலாம். உங்க மேசையில உக்காந்து நான் படம் வரையறேன். நீங்களும் வரைங்க."

"ஏன், அலை வேணாமா?"

அவள் குனிந்து செருப்பு வாரைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிறகு செருப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நாங்க பெர்த்துக்குப் போறோம்பா."

அவளுடைய மாமா ஆஸ்திரேலியாவில் இருப்பது எனக்குத் தெரியும். "மாமாவைப் பாக்கவா? நல்லதுதானே. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்துருவீங்களா?"

"இல்ல. அம்மாவுக்கு அங்க ஆஸ்பத்திரியில வேலை கெடச்சிருக்கு. எனக்கு ஸ்கூல் பாத்தாச்சு. யூனிஃபார்ம் பச்சைக் கலர்." அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள். "நான் சொல்லக் கூடாதுப்பா. அம்மாதான் சொல்றதா இருந்தாங்க. நீங்க அம்மாவைக் கோவிச்சுக்காதீங்க."

அந்த வாக்கியங்கள் எனக்குப் புரிந்துகொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். ஏறினோம். உட்கார இடமும் கிடைத்தது. கேட்காத மூன்று நாள் ஏன் கிடைத்தது என்பது எனக்கு அப்போது விளங்கியது. இந்தக் குழந்தை இதை மனசில் வைத்துக்கொண்டுதான் ஹைவே ஓரத்தில் நின்றிருக்கிறாள், மாலையை ஏந்திக்கொண்டு வந்திருக்கிறாள், பந்தியில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தேற்றினோம் என்று தெரியவில்லை.

பூங்காவில் அன்றைக்கு வெயில் அடித்தது. அலைக்குளம் அவள் சொன்ன மாதிரியே இருந்தது. சங்கு ஊதியதும் ஆழத்திலிருந்து தண்ணீர் எழும்பி வந்தது, குழந்தைகள் எல்லாம் ஒரே குரலில் கத்தின. நான் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கரையில் நின்றேன். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, உள்ள வாங்க. சீக்கிரம், அடுத்த அலை வந்துரும்!"

"மாத்துத் துணி இல்லையேம்மா."

"காஞ்சிரும் வாங்க!"

சட்டை பேண்டோடு இறங்கினேன். அலை வந்து எங்கள் இருவரையும் தூக்கிப் போட்டது. அவள் தண்ணீரைத் துப்பிவிட்டு, "உப்பே இல்லப்பா!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் அழுததை அந்தத் தண்ணீரில் யாரும் பார்த்திருக்க முடியாது.

திரும்பும்போது, நின்ற மாத்திரத்தில் கிள்ளான் பஸ் வந்தது. வெள்ளிக்கிழமை பஸ் போல் இதுவும் எங்காவது படுத்துவிடட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஷா ஆலம் வந்தது, போனது. ஒரு சிவப்பு விளக்குக்கூட எங்களை நிறுத்தவில்லை. இப்படி ஒரு பஸ்ஸில் நான் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

அவள் அம்மா கேட்டைத் திறந்தாள். மகள் என்னைப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள். ஈரம் காயாத என் சட்டையைப் பார்த்ததும் அவள் அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும், அல்லது என் முகத்தைப் பார்த்து.

"சொல்லிப்போட்டாளோ?"

"ம்."

"உங்கட மூண்டு நாளையும் கெடுக்கக் கூடாது எண்டுதான் நான் முதல்லயே சொல்லேல்ல" என்றாள். குரல் உடைந்திருந்தது. வழியெல்லாம் எத்தனையோ வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். "எப்ப?" என்று மட்டும் கேட்டேன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே என்றாள்.

அவர்கள் புறப்பட்ட அன்று சுபாங் விமான நிலையத்துக்கு நான் காலையிலேயே போய்விட்டேன். விமானம் சாயங்காலம். எந்த வண்டியையும் நம்புகிற நிலையில் நான் இல்லை. கதவுகள் திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். கடைசியில் அவர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். மகள் தனக்குப் பெரிதான ஒரு கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் அவளுக்கு வெட்கம். என் கையில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். உள்ளே போகும் இடத்தில் வரிசை வளைந்தது. அங்கே அவள் திரும்பினாள், ஆனால் நான் நின்ற பக்கம் இல்லை. என்னைத் தேடினாள் என்று நினைக்கிறேன். கையை உயர்த்தினேன். நடுவில் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

முதல் வருடம் அவ்வப்போது போனில் பேசினாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள், குளிருதா என்றால் குளிருது என்பாள். பிறகு இருவரும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். போகப்போக அவளுக்குப் பரீட்சைகள், தோழிகள், வேறு நாட்டுப் பகல், வேறு நாட்டு ராத்திரி. அவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாகப் படித்து நல்ல நிலையில் இருக்கிறாள், கல்யாணப் படம் அனுப்பினாள். அங்கே வரச்சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் இங்கேயே இருந்துவிட்டேன்.

அவள் போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழக்கத்தில் குளித்துச் சட்டை மாற்றி, கிள்ளான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. இறங்கவும் தோன்றவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசிவரை போனேன்.