மருந்துச் சட்டை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டு நாய்க்கு வயதாகிவிட்டது. போன வாரம் அது அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து உறுமியதாம். எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். நேரில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருந்தது. வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். தொண்ணூற்றாறில் மகளைப் பக்கத்து ஊரான தேவாரத்தில் கட்டிக் கொடுத்தோம். அந்தக் கல்யாணத்தன்று எச்சில் இலைக்கு வந்த ஒரு செவலை நாய்க்குட்டி, பந்தல் பிரித்த பிறகும் போகாமல் நின்றுவிட்டது. பெயரெல்லாம் வைக்கவில்லை. "ஏலே" என்றால் வரும். அவருடைய மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வாசலுக்கு ஓடிவிடும். அவர் குனிந்து அதன் பிடரியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவார். அதுதான் அவர்களுக்குள் பேச்சு.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒருநாள் மொபெட் வாசலுக்கே வந்து நின்றும் அது எழுந்திருக்கவில்லை. நான் மட்டும்தான் கவனித்தேன். கண்ணில் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாது. நெல் மூட்டையை இடம் மாற்றி வைத்தால் அதில் போய் முட்டும். சில சமயம் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தபடி நிற்கும். திரும்பி வர வழி தெரியாது. வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகவும் ஆரம்பித்தது.

நான் அவரிடம் சொல்லவில்லை. காவலுக்கு ஆகாது என்று தெரிந்தால் கொண்டுபோய் விட்டுவிடுவாரோ என்று பயம். அவர் வருவதற்குள் துடைத்துவிடுவேன். மூட்டைகளைப் பழைய இடத்திலேயே வைத்தேன். பக்கத்தில் போகும்போது தரை அதிர மிதித்து, முதலில் கையை மோந்து பார்க்கக் கொடுத்து, அப்புறம்தான் தொடுவேன். அதற்கு என்னை அப்படித்தான் தெரிந்தது. அவருக்கோ அது பழைய நாயாகவே இருந்தது. அப்படி இருக்கும்படி நான்தான் செய்துவைத்தேன்.

திராட்சைக்கு மருந்து அடிக்கிற நாட்களில் அவர் வீட்டுக்கு வந்துதான் வெந்நீரில் குளிப்பார். மயில்துத்தமும் கந்தகமும் ஏறிய சட்டையோடு வந்தால் பத்தடிக்கு முன்னாலேயே நெடி வரும். அந்தச் சட்டையை மற்றதோடு சேர்க்காமல் கொல்லைப்புற ஆணியில் மாட்டுவோம். மறுநாளும் அதையே போட்டுக்கொண்டுதான் அடிப்பார்.

அப்படி ஒருநாள் மருந்து அடித்துவிட்டுக் கொல்லை வழியாக வந்தார். நாய் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் குனிந்து பிடரியைப் பிடித்தார். மணிக்கட்டில் கடித்துவிட்டது.

"ஏ நாயே! என்னையவா?" என்றார். ரத்தத்தைவிட அந்தக் குரல்தான் எனக்கு இப்போதும் நினைவில் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்கள், செத்துப்போனால் உடனே வந்து சொல்லுங்கள் என்றார்கள். கொல்லை வேப்பமரத்தில் கட்டினோம். ஊருக்குள் ஒரே சிரிப்பு. டீக்கடைக்காரர் அவருக்கு மருமகன் முறை.

"என்ன மாமா, சோறு போட்ட கையவே பதம் பாத்துருச்சாமே? அத்தை ஏதும் சொல்லிக்குடுத்தாகளா?"

"ஒங்கத்தை சொல்லிக்குடுக்குறவளா? அவ வாயத் தொறந்தாத்தான் மழை பேயுமே" என்றாராம். வீட்டில் வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "வயசானா மனுசனுக்குத்தான் புத்தி மாறும்னு நெனச்சேன். இதுக்கும் மாறிருச்சு. பத்து நாள் முடியட்டும், மேகமலை போற ஜீப்புல ஏத்தி விட்டுர்றேன்."

எட்டாம் நாள் என்று நினைக்கிறேன். திராட்சைக் குலையில் நெருக்கமான பிஞ்சுகளைக் கழிக்கப் போகவேண்டும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் பெண்கள் தோட்டத்தில் இறங்குவோம். வெயிலும் கொடியும் படாது. என் சட்டை காயவில்லை. அவசரத்தில் ஆணியில் கிடந்த அவருடைய மருந்துச் சட்டையை மாட்டிக்கொண்டு நாய்க்குச் சோறு கொண்டுபோனேன்.

தரையை மிதித்தேன். கையை நீட்டினேன். பல்லைக் காட்டி உறுமியது. என்னிடம் அது உறுமியதே கிடையாது.

பிறகு சட்டையைக் கழற்றித் தூரப் போட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து நீட்டினேன். மோந்து பார்த்தது. தலையை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டது. மறுபடி சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்; உறுமியது. கழற்றினேன், வாலை ஆட்டியது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். கண்ணும் இல்லை, காதும் இல்லை. மூக்கு ஒன்றுதான் மிச்சம். மருந்து அடித்த அன்றைக்கு அந்த மூக்குக்கு அவர் யாரோ ஒரு ஆள். தூக்கத்தில் இருந்ததன் கழுத்தை யாரோ ஒரு ஆள் பிடித்திருக்கிறான். அவ்வளவுதான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இங்கேருங்க..."

"என்ன?"

அவர் கையில் கட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வார்த்தை போய்விட்டது. இவ்வளவு நாளும் நாய்க்குக் கண் தெரியாததை ஏன் மறைத்தாய் என்று கேட்டால்? அந்தக் கடியே நான் மறைத்ததால் வந்ததுதானே?

"ரசம் ஊத்தவா?" என்றேன்.

பத்து நாள் கெடு முடிகிற சமயம் ஒருநாள் காலையில் ஜீப் வந்தது. ஓட்டுகிறவரோடு நாலு ஆண்கள் கொல்லையில் நின்றார்கள். நான் டீ போட்டுக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஜீப்காரர் நாயைப் பார்த்துவிட்டு, "அண்ணே, மேல தேயிலைத் தோட்டத்து லயத்துல பன்னிய வெரட்ட நாய் கேட்டாக. இந்தக் கெழவன் வெரட்டுமா, பன்னிக்கு வழி காட்டுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். நாய் அவர் கையை மோந்தது; கட்டுப் போட்ட அந்த இடத்தையே நக்கியது. வால் ஆடியது.

"இப்ப வால ஆட்டி என்ன செய்ய" என்றார். ஆனால் கயிற்றை உடனே கொடுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதுபோல் நின்றார்.

நாலு ஆம்பிளைகள் முன்னால் நான் பேசிப் பழகியதில்லை. டீ டம்ளர்களைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஜீப் கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த முறை மருந்து அடித்துவிட்டு வந்தபோது, "இனிமே பயமில்லாம கொல்லப்பக்கமா வரலாம்" என்றார். அந்தச் சட்டையைப் பார்த்ததும் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெந்நீர் ஆறிப்போகும் வரைக்கும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, இத அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வாய் வரலங்க."

மறுநாள் முதல் வண்டியில் மலைக்குப் போனார். லயத்து ஆட்கள் சொன்னார்களாம்: "நாலு நாள் இங்கனதான் கெடந்துச்சு. வாரவுக போறவுக கையெல்லாம் ஒவ்வொண்ணா மோந்து பாத்துச்சு. அப்பறம் தேயிலைக்குள்ள போயிருச்சு. தேடிப் பாத்தோம், காணல." கயிற்றை மட்டும் கொண்டுவந்தார்.

என்னை ஒரு வார்த்தை வையவில்லை. அதற்குப் பிறகு மருந்து அடிக்கிற நாளில் தோட்டத்துக் கிணற்றிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். வீட்டில் நாய் இல்லை. இருந்தாலும், அவர் இருந்த வரைக்கும் அப்படித்தான் வந்தார்.

எதிர்வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால், அந்தப் பிள்ளை அன்றைக்குப் புதிதாக என்ன பூசியிருந்தது, என்ன உடுத்தியிருந்தது என்று ஒரு தடவை பாருங்கள். தூங்கும்போது தொட்டதா என்றும் கேளுங்கள். மாட்டாஸ்பத்திரியில் ஒரு தடவை கண்ணைக் காட்டுங்கள்.

இன்னொன்று. நான் சட்டையைப் போட்டுப் பார்த்தது எட்டாம் நாள் என்று எழுதியிருக்கிறேன். ஜீப் வந்தது பத்தாம் நாளா, பதினோராம் நாளா என்பது எனக்குத் தெளிவில்லை. சொல்வதற்கு எனக்குக் கிடைத்தது இரண்டு நாளா, மூன்று நாளா என்று தெரியவேண்டும். அந்த ஜீப்காரர் இன்னும் சின்னமனூரில்தான் இருக்கிறார். யாராவது அவரிடம் கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். மூன்று நாள் என்று சொன்னால் மூன்று என்றே போடுங்கள். எனக்காகக் குறைக்க வேண்டாம்.