பியாட்ரிஸ் நடத்தி வைத்த கல்யாணம்

ஒரு வருஷம் முழுக்க, வாரத்துக்கு அரை மணி நேரம், ஊர் கூடியிருக்கும்போது பொய் சொல்லியும் கெட்ட பெயர் வாங்காத ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, பியாட்ரிஸ்தான்.

என் பக்கத்து வீட்டுக்காரி. ஈப்போவிலிருந்து சிம்மோர் போகிற சாலையில், ரப்பர் தோட்டமாக இருந்து பிறகு துண்டு துண்டாக விற்கப்பட்ட இடத்தில், வாங்க ஆளில்லாமல் மிச்சம் விட்ட, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் நாங்கள் இருந்தோம். அவள் அப்பா அந்தத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி. அதனால் அவள் கான்வென்டில் படித்து இங்கிலீஷ் பேசினாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தனியாக இருந்துகொண்டு, ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்வந்தாள். அண்ணன் மத்தியாஸ் பாகான் செராயில் பள்ளிக்கூட வாத்தியார். பியாட்ரிஸுக்கு முப்பத்திரண்டு வயது ஆகியிருந்தது. அந்த வயதில் கல்யாணமாகாத பெண்ணைப் பற்றிப் பேச எங்கள் பக்கம் எல்லாருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை யாரும் வீணாக்கவில்லை.

எதிர் வீட்டுச் செல்லாயி அக்காவிடம்தான் டிவி இருந்தது. நான்கு கால், இரண்டு மரக்கதவு, கறுப்பு வெள்ளை. கதவைத் திறக்கும் வேலையை அவள் வேறு யாரிடமும் விடமாட்டாள். எழுபத்தொன்பதில் புதன்கிழமைதோறும் ஓர் இங்கிலீஷ் நகைச்சுவைத் தொடர் போட்டார்கள். ஒரு பையன், ஒரு பெண், ஒரே வீடு, ஒரே கட்டில். வாரா வாரம் பெண்ணின் அம்மா கதவைத் தட்டுவாள். பையன் குளியலறைக்குள் ஓடி ஒளிவான். சிரிப்பு டிவிக்குள்ளிருந்தே வந்துவிடும், நாமாகச் சிரிக்கிற சிரமம் இல்லை.

கீழே மலாயில் எழுத்து ஓடும். மலாய் பேசுவதில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, பெரியவர்களுக்குப் படிக்கத்தான் வராது. அதனால் டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுப் பியாட்ரிஸை உட்கார வைத்தோம். அவள் தமிழில் சொல்லுவாள்.

முதல் வாரமே செல்லாயி அக்கா கேட்டாள். "இவங்க ரெண்டு பேரும் யாரு?"

பியாட்ரிஸ் திரையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"புருஷன் பொண்டாட்டி."

"தாலி எங்க?"

"வெள்ளக்காரங்களுக்கு மோதிரம்தான்க்கா."

"மோதிரத்தயும் காணோமே."

"பாத்திரம் கழுவுறப்ப கழட்டி வச்சிருக்கா."

கல்யாணம் முடிந்தது. அப்புறம் அதைக் காப்பாற்றுவது அவள் பாடாகிவிட்டது. பையன் ஏன் ஒளிகிறான்? மாமியாரிடம் பயம். என் வீட்டுக்காரர் பத்துமலை அதைக் கேட்டு, "ஒளியத்தான்லா வேணும்," என்றார். என் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். அவர் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் ஏன் அவன் காலிலிருந்து கழற்றிப் போட்ட சப்பாத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறாள்? அம்மாவுக்கு அழுக்கு பிடிக்காது. ஒருநாள் தபால்காரன் அந்தப் பெண்ணை "மிஸ்" என்று கூப்பிட்டான். அதுமட்டும் பியாட்ரிஸ் சொல்லாமலே எங்கள் காதில் விழுந்துவிட்டது. எங்களுக்கு மிஸ் என்றால் பள்ளிக்கூட டீச்சர். அன்றிலிருந்து அந்தப் பெண் டீச்சர் வேலை பார்க்கிறாள் என்று முடிவாயிற்று. வேலைக்கே போகாமல் எப்படிச் சம்பளம் வாங்குகிறாள் என்று பத்துமலை சில வாரம் எரிச்சல் பட்டார்.

பியாட்ரிஸ் அந்த இருவரையும் அவ்வளவு அவசரமாகக் கட்டி வைத்ததற்குக் காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் சீனி. மலை உடைக்கிற கம்பெனியில் லோரி ஓட்டினான். பஸ் வராத நாட்களில் அவளைச் சாலை முனையில் இறக்கிவிடுவான். பஸ் அடிக்கடி வராமல் இருந்தது. யார் என்று கேட்டால் "கூட்டாளி" என்பாள். இங்கே சினேகிதரை அப்படித்தான் சொல்வது. நாங்களும் கூட்டாளி என்றே சொன்னோம், கொஞ்சம் அழுத்தி.

நல்ல மனுஷன். காற்றில் எங்கள் கூரைத் தகரம் பெயர்ந்தபோது, கேட்காமலே ஏறி அடித்துக் கொடுத்தான். இரண்டு பேரும் மூன்று வருஷமாகக் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தார்கள். கோலா கங்சாரில் இருந்த அவன் அம்மாவுக்கு மாரியம்மன் முன்னால் தாலி ஏறணும். மத்தியாஸுக்கு மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கணும், அதற்கு முன் சீனி ஞானஸ்நானம் வாங்கணும். "எனக்கு எங்கன்னாலும் சரி," என்றான் சீனி. அப்படிச் சொன்னது இரண்டு பக்கத்துக்கும் பிடிக்கவில்லை. பேசாமல் ரிஜிஸ்தர் செய்துவிடலாமே என்று பத்துமலை ஒருநாள் மத்தியாஸிடம் சொல்லிப் பார்த்தார்.

"கையெழுத்து போட்டு வாங்குறது லோரி லைசென்சு," என்றார் மத்தியாஸ். "கல்யாணம் இல்ல."

அவர் மாதம் ஒரு சனிக்கிழமை தங்கையைப் பார்க்க வருவார். அன்றைக்கு அவள் லீவு போட்டு மீன் குழம்பு வைப்பாள். அவளுக்கென்று மிச்சமிருந்த ரத்த சொந்தம் அவர் ஒருத்தர்தான். அவர் வராமல் போய்விடுவாரோ என்ற பயத்திலேயே அந்த மூன்று வருஷமும் போயிருந்தது.

அடுத்த வருஷம், தொடர் முடியப்போகிற வாரம், மத்தியாஸ் வந்தார். யாரோ அவரிடம் அவள் லோரியில் வந்து இறங்குவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் எல்லார் காதிலும் விழும்படி வாசலில் நின்று, "கோயில்ல கல்யாணம் ஆகாம அந்த ஆளோட இருந்தேன்னா, உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் பரீட்சைத் தேதி சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் புதன்கிழமை டிவியில் அந்தப் பெண் தரையைக் கூட்டுகிற நீளத்துக்கு வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். பையன் கோட்டு மாட்டியிருந்தான். நடுவில் பாதிரியார். ஓரத்தில் மாமியார் மூக்கைச் சிந்தினாள்.

பத்துமலை எழுந்தே விட்டார். "ஏய், என்னா இது? கட்டுன பொண்டாட்டியயே மறுபடியும் கட்டுறானா?"

எல்லாரும் முக்காலியைப் பார்த்தோம். தப்பிக்க வழி இருந்தது. கனவு என்று சொல்லியிருக்கலாம். பழைய நினைப்பு என்று சொல்லியிருக்கலாம். நம்புவதற்கு நான் தயாராகவே இருந்தேன்.

"அவங்களுக்கு இன்னிக்குத்தான் கல்யாணம்," என்றாள் பியாட்ரிஸ்.

"அப்ப இவ்வளவு நாளா?"

"சும்மா சேர்ந்து இருந்தாங்க. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

டிவிக்குள் சிரித்தார்கள். வெளியே யாரும் சிரிக்கவில்லை. செல்லாயி அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தெரியும்லா," என்றாள். "என் மக ரெண்டாவது வாரமே கீழ உள்ள எழுத்தப் படிச்சுச் சொல்லிட்டா."

"தெரிஞ்சா ஏன்க்கா கேக்கல?"

"நீ சொன்ன கதை நல்லா இருந்துச்சு."

என்னையும் பத்துமலையையும் தவிர லயத்தில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செல்லாயி அக்கா அதோடு விடவில்லை. "கல்யாணம் ஆகாமயே அந்தப் பையன் அவளுக்குத் தேத்தண்ணி கலக்கிக் குடுத்தான். காய்ச்சல்னா கால் அமுக்கி விட்டான். எனக்கு ஊரக் கூட்டித் தாலி கட்டுனவரு, ஒரு நாள் அடுப்படிப் பக்கம் வந்ததில்ல. நீ உன் கூட்டாளிய வரச் சொல்லு. இன்னும் எத்தன நாளைக்கு பஸ் வராமயே இருக்கும்?"

பியாட்ரிஸ் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஒரு வருஷம் ஏமாந்த மனிதரைப் போல் பத்துமலை டிவியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே சீனி பட்டப்பகலில் ஒரு பெட்டியும் ஒரு மெத்தையுமாக லோரியில் வந்து இறங்கினான். ரிஜிஸ்தராவது செய்யலாமே என்று நான் பியாட்ரிஸிடம் கேட்டேன். "கையெழுத்து போட்டாலும் கல்யாணம் இல்லன்னுதான் சொல்லப் போறாங்க. அதுக்கு ஏன்க்கா ஒரு நாள் லீவு?" என்றாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆனால் மத்தியாஸ் வரவில்லை. மாதாமாதம் அவர் வருகிற சனிக்கிழமையில் அவள் லீவு போட்டு மீன் குழம்பு வைத்தாள். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல குழம்பு. சாப்பிடத்தான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மழைக்காலம் முடிந்து ஒரு சனிக்கிழமை மத்தியாஸ் வந்தார். தங்கை வீட்டுக்குப் போகாமல் செல்லாயி அக்கா வாசலில் போய்க் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் அப்போது பியாட்ரிஸ் வீட்டு முன் அறையில் இருந்தேன். நானும் அவளும் சன்னலோரம் நின்று கேட்டோம்.

"அக்கா, பியாட்ரிஸ் வீட்ல யாரு இருக்கா?"

"அவளும் அவ வீட்டுக்காரரும்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆகாமயா தம்பி? நாங்கெல்லாம் சாப்பிட்டோமே."

மத்தியாஸ் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "கோயில்லயா?" என்றார்.

"கோயில்லதான்," என்றாள் செல்லாயி அக்கா, கண்ணிமைக்காமல்.

மத்தியாஸ் வாயில் கோயில் என்றால் மாதா கோயில். செல்லாயி அக்கா வாயில் அது மாரியம்மன் கோயில். இரண்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. எந்தக் கோயில் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் மாட்டியிருப்பாள். மத்தியாஸ் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துகிறவர். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பது தெரியாதவர் இல்லை. அவர் கேட்கவில்லை. "நல்லது," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

படியேறி உள்ளே வந்தார். பியாட்ரிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். லோரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த சீனி, கறுத்த கைகளோடு பின்பக்கத்திலிருந்து வந்து அப்படியே நின்றான். மத்தியாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. அண்ணாந்து, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்சாரக் காற்றாடியைப் பார்த்தார்.

"மச்சான், இந்தக் காத்தாடி இவ்வளவு மெதுவாத்தான் சுத்துமா?" என்றார்.

எங்கள் பக்கம் பஸ் கண்டக்டர்கூட முன்பின் தெரியாதவனை மச்சான் என்பான். மத்தியாஸ் அப்படிப் பேசுகிறவர் இல்லை. தங்கச்சி புருஷனைத் தவிர வேறு ஒருவரை அந்த மனுஷன் அப்படிக் கூப்பிட மாட்டார். அவருக்கு இருந்ததோ ஒரே தங்கச்சி.

சீனிக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சரி பண்ணிடுறேன் மச்சான்," என்று ஏணி எடுக்கப் பின்னால் போனான். ஏணி சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. அவன் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றான்.