கிளாஸ்கோவுக்கு இழுக்க ஒரு பிக்கப்

காலை 9.40. ஹரோவிலிருந்து மெட்ரோபொலிட்டன் ரயிலில் புறப்பட்டேன். கார்த்திகை மாதத்துச் சாம்பல் வெளிச்சம். பெட்டியில் என்னோடு பதினொரு பேர். மூன்று முறை ரயில் மாறித் தோர்ண்டன் ஹீத் போய், விலைக்கு வந்திருக்கும் ஒரு பிக்கப் வண்டியைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு வாசலில் கரவன் ஒன்று நிற்கிறது; படுக்கையும் கழிவறையும் உள்ள, வண்டியின் பின்னால் பூட்டி இழுக்கும் சக்கர வீடு. ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் தப்பிவிடக் கூடாது என்று அவசரப்பட்டு வாங்கியது. அதை எது இழுக்கும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. எங்கள் கார் 1,100 கிலோ. சாமான் ஏற்றிய கரவன் 1,500 கிலோ.

கரவன் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. மனைவி பரமேஸ்வரிக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்து ஐந்து மாதம். முக்கால் மணிக்கு ஒரு தடவை கழிவறை வேண்டும். ரயிலை நம்பிப் புறப்பட முடியாது. கிளாஸ்கோவில் அவளுடைய தங்கை படுத்த படுக்கை. தைப்பொங்கலைத் தாண்டுவது கஷ்டம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நானூறு மைல் தூரமும் கழிவறை எங்கள் பின்னாலேயே வந்தால்தான் அக்கா தங்கையைப் பார்க்கலாம்.

11.15. தோர்ண்டன் ஹீத். கட்டட வேலை செய்யும் குகன் தன் பிக்கப்பைக் கழுவி நிறுத்தியிருந்தார்.

"ஐயா, இது மூண்டரை தொன் இழுக்கும். உங்கட கரவன் பின்னால வாறதே தெரியாது."

"வண்டியின்ர சொந்த நிறை என்ன தம்பி?"

"ரெண்டாயிரத்து நாப்பது."

கரவனின் நிறை இழுக்கும் வண்டியின் நிறையில் எண்பத்தைந்து வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே எழுபத்து நான்குதான். குனிந்து கரவனைப் பூட்டும் கொக்கியைப் பார்த்தேன், துரு இல்லை. நான்கு டயர்களின் வயதையும் கேட்டேன். கரவனின் நிறையைச் சொன்னேன்.

"ஆயிரத்தைஞ்ஞூறு எண்டது சாமானையும் சேத்தோ?" என்று கேட்டார் குகன்.

"சேத்துத்தான். அரிசி இருபது கிலோ, ஒடியல் மா, கருவாடு…"

"ஏன், கிளாஸ்கோவில அரிசி விக்கிறேல்லையோ?"

"அதை நீர் அன்ரியிட்டைக் கேளும்" என்று பழியைப் பரமேஸ்வரி மேல் போட்டேன்.

விலை 11,500 பவுண். மனதுக்குள் சம்மதித்துவிட்டேன். "அன்ரிக்கும் ஒருக்காக் காட்டுவம்" என்று குகனே ஹரோவுக்கு ஓட்டி வந்தார். பதினேழு மைலுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் எடுத்தது. உயரத்திலிருந்து பார்த்தபோது மற்றக் கார்கள் எல்லாம் விளையாட்டுச் சாமான்போல இருந்தன.

2.10. பரமேஸ்வரி கோட் போட்டுக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்தால் அடித்தட்டே நிலத்திலிருந்து 58 சென்ரிமீற்றர். இருக்கை அதற்கும் மேலே. கதிரை வைத்தோம். அதில் ஏறி, உள்ளே இருந்த பிடியைப் பற்றித் தன்னை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மற்றக் கை வயிற்றில் தையல் போட்ட இடத்தைப் பொத்தியது.

"அன்ரி, தூக்கி விடட்டோ?"

"நான் என்ன சீமெந்து மூட்டையே? இண்டைக்கு நீர் தூக்குவீர் தம்பி. முக்கால் மணிக்கொருக்கா இறங்கி ஏறேக்க ஆர் தூக்கிறது? இந்தக் கிழவனோ?"

பக்கத்தில் படி பூட்டலாம் என்றார் குகன். படி காலுக்கு உதவும். கையால் இழுத்து ஏறுவதைத் தவிர்க்க அது போதாது. கொக்கி தாங்கும் பாரம் வரை விசாரித்த நான், அவள் ஏற வேண்டிய உயரத்தை விசாரிக்கவில்லை. தாழ்வாகவும் கனமாகவும் இரண்டு வண்டிகள் முன்னரே பார்த்திருக்கிறேன். இரண்டும் எங்கள் கைக்கு எட்டாத விலை.

குகன் பிக்கப்போடு திரும்பிப் போனார். சிறிது நேரத்தில் மழை பிடித்தது. தங்கையிடமிருந்து போன் வந்தது; பரமேஸ்வரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வண்டி சரிவந்திட்டுதோ?"

"ஓமடி, நல்ல வண்டி. நல்லா இழுக்குமாம்."

"அப்ப எப்ப வாறியள்?"

பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன்.

"இஞ்ச ஒரே மழை. கொஞ்சம் விடட்டும்."

இந்த நாட்டில் கார்த்திகை மழை எப்போது விடும் என்பது முப்பது வருடம் இங்கே இருந்த தங்கைக்குத் தெரியாததல்ல.

"ஓமக்கா," என்றாள். "விடட்டும்."