கிரேனின் வலது தோள்

ஆம்புலன்சில் நான் டிரைவர். நோயாளிகளைத் தூக்கிவருவதில் என் கூட்டாளி என் மனைவியின் அண்ணன். வேலை செய்யும் இடத்தில் அவருக்குக் கிரேன் என்று பெயர். மாடிப்படியில் நோயாளியை இறக்கும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவர் மேல்தான் பாரம் அதிகம். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. "மாப்ள, நீங்க மேல நின்னு வேடிக்கை பாருங்க" என்பார். அடுத்தவரிடம் உதவி கேட்பது அவருக்கு எட்டிக்காய். பிடிவாதத்தில் என் மனைவிக்கே அண்ணன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருடைய வலது தோளில் இருந்த வலியை அவர் தங்கை, என் மனைவி, கண்டுபிடித்து நச்சரித்த பிறகுதான் தெருமுனை கிளினிக்குக்கு வந்தார். டாக்டரம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார். எவ்வளவு நாளாக வலி, தூக்கம் வருகிறதா, கழுத்தும் வலிக்கிறதா, மனசில் கவலை உண்டா, சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா. கிரேன் வேலைக்கு இன்டர்வியூ வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரமாத்தாம்மா. தூக்கம் அடிச்சுப்போட்ட மாதிரி வருது. கவலையா? எனக்கா?"

"புது வலின்னா பெரும்பாலும் ஆறு வாரத்துல குறைஞ்சிடும். அதுவரைக்கும் பாரம் தூக்காதீங்க" என்றார் டாக்டரம்மா.

ஆறு வாரம் முடிந்ததும் கிரேன் போய், சிரித்துக்கொண்டே கையை மேலே தூக்கிக் காட்டி, வேலைக்குத் திரும்பச் சீட்டு வாங்கிவிட்டார். நானும் நம்பினேன்.

அடுத்த வாரமே நெஞ்சுவலிக்காரர் ஒருவரை நாலாவது மாடியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெரியவரை நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டினோம். நான் மேலே, கிரேன் கீழே பின்புறமாக இறங்கினார். பெரியவரின் மகள் பையோடு எங்கள் பின்னால் வந்தாள்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி வலது பக்கம் சாய்ந்தது. கிரேனின் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது.

"மச்சான், கையா?"

"ஒண்ணுமில்ல. எறங்குங்க."

இன்னும் இரண்டு படி. அவருடைய வலது கை விரல்கள் கைப்பிடியிலிருந்து நழுவுவது என் கண்ணில் பட்டது. பெரியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "விட்டுடாதப்பா" என்றார். நான் ஒருவனாக இழுத்துப் பிடிக்க முடியாது. கிரேன் போனால் நாற்காலியும் அவர் மேலேயே உருண்டுவிடும்.

கை விட்டேவிட்டது. அவர் படியில் மண்டியிட்டுத் தன் நெஞ்சையே நாற்காலிக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு அந்தக் கட்டடமே கேட்கும்படி கத்தினார்.

"யாராவது வாங்க! என்னால முடியல!"

இரண்டாவது மாடிக் கதவு திறந்தது. கையில் சோப்பு நுரையோடு ஒரு பெண் ஓடிவந்தாள். பையைப் போட்டுவிட்டு மகளும் இறங்கிவந்து பிடித்தாள். அந்த இருவரோடும்தான் பெரியவரைக் கீழே கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொள்வார் என்றார்கள்.

வண்டிக்குள் வந்ததும் வெடித்தேன். "உங்க வீராப்புக்கு அடுத்தவன் உசுரா கிடைச்சுது?"

"வலி வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு மாப்ள. ராத்திரி உட்கார்ந்தேதான் இருப்பேன்."

"அப்ப ஏன் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"நல்ல பதிலா சொன்னா அவங்களும் நல்லதா சொல்வாங்கன்னு நெனச்சேன். சொன்னாங்களே. ஆறு வாரமும் அதையே நம்பிக்கிட்டிருந்தேன்."

பிறந்த நேரத்தை மாற்றிச் சொல்லி ஜோசியரிடம் நல்ல பலன் வாங்கிய கதைதான். கோபம் போய், பாவமாக இருந்தது.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் போனோம். கிரேன் ஒன்று விடாமல் சொன்னார். வலி, தூக்கமின்மை, கழுத்து, வேலை போய்விடுமோ என்ற பயம். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார்.

"நான் சொன்னது வேற ஆளோட தோளுக்கு. இதுக்கு மாசக்கணக்குல ஆகும். பயிற்சி செய்யணும். முழுசா சரியாகுமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

கிரேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"பாரம் தூக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுங்கம்மா. ரெண்டு வாரம் போனா நானே வந்து சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்கிக் காட்டுவேன். அப்ப நம்பிடாதீங்க."