தெரியல கலியன்

சுரங்கக் குடியிருப்பின் இருபத்தோராம் பிளாக்கில் கலியனை 'தெரியல கலியன்' என்றால்தான் அடையாளம் காட்டுவார்கள். சுரங்கத்தில் நிலக்கரி போகும் பெல்ட்டை ஒட்டி நடந்து கண்காணிப்பது அவர் வேலை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பெல்ட் நீளவாக்கில் கிழிந்தபோது, கூட இருந்தவர் தூங்கிவிட்டார் என்று, பார்க்காமலேயே, விசாரணையில் கலியன் சொன்னார். அந்த மனிதரை சஸ்பெண்ட் செய்தார்கள். மறுவாரம் கரிக்குவியலில், மண்வெட்டும் இயந்திரத்தின் உடைந்த இரும்புப் பல் கிடைத்தது. பெல்ட்டைக் கிழித்தது அதுதான். அதன்பிறகு, கையால் தொட்டுப் பார்க்காத எதைப் பற்றியும் கலியன் பேசுவதில்லை. மழை வருமா என்றால்கூடத் 'தெரியல'தான். கூட இருப்பவர்களுக்கு இது சில சமயம் எரிச்சல்.

போன ஆடியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுரங்க வாசலில் மறியல் செய்தார்கள். போலீஸ் தடியடியில் மனைவி சாமியம்மாளின் தம்பி இனியனுக்குக் கை முறிந்தது. கல் எறிந்ததாக வழக்கு வேறு. வழக்கு உறுதியானால் சுரங்கத்துக்குள் நுழையும் கேட் பாஸ் போய்விடும், வேலையும்தான்.

"எந்தம்பிய அநியாயமா அடிச்சிட்டானுங்க. ஒரு வார்த்த சொல்றியாய்யா நீ?" என்றாள் சாமியம்மாள்.

"அடிச்சது தெரியுது. ஏன் அடிச்சாங்கன்னு தெரியல."

"வாட்ஸப்புல ஊரே பாத்துகினு இருக்குது!"

"பதினோரு செகண்டு சாமி அது. அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சின்னு அதுல இல்லியே."

"அப்ப போலீஸ் ஸ்டேஷன்லயே போயி சோறு துன்னு."

கலியன் மூன்று நாள் கேன்டீனில் சாப்பிட்டார். ஷிப்ட் முடிந்ததும் சுரங்க வாசலில் கடை கடையாக விசாரித்தார். இளநீர் விற்கும் கஸ்தூரியம்மாள் முதலில் பிடி கொடுக்கவில்லை.

"நீ எந்த ஆளுங்க பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லக்கா. பாத்தத சொல்லு. நெனச்சத வுட்டுடு."

அவள் சொன்னாள். கல் பின்வரிசையிலிருந்து வந்தது. ஒரு போலீஸ்காரர் நெற்றியில் ரத்தம். இனியனின் இரண்டு கைகளும், மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டிருந்தன. போலீஸின் ஓர் அடியில் இனியன் சாய்ந்தான். கிடந்தவன்மேல் இன்னும் இரண்டு.

"இத விசாரண அதிகாரிகிட்ட வந்து சொல்றியாக்கா?"

"நீ கூட நின்னா வரேன்."

நின்றார். விசாரணையில் அவள் சொன்னதை வேறு இரண்டு பேரும் சொன்னதால், கல் எறிந்தவர்கள் பட்டியலிலிருந்து இனியன் பெயரை எடுத்தார்கள்.

அன்று வீட்டில் இலை போட்டிருந்தது.

"இப்பவாவது சொல்லுய்யா" என்றாள் சாமியம்மாள்.

"மொத அடி, கல்லெறிஞ்சவன்னு நெனச்சி அடிச்சாங்களா, தெரியல. கீழ கெடந்தவன அடிச்சது தப்பு. யாரு கேட்டாலும் சொல்லுவேன்."

அவள் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினாள். "குழம்பு எப்பிடி?"

கலியன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு கம்மி."